பிரிட்டனில் லைசென்ஸில் பாயிண்ட் விழுந்தால் கார் இன்சூரன்ஸ் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேகக் கேமராவில் மாட்டியவர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை பாயிண்ட் (குற்றத்துக்காக லைசென்ஸில் ஏற்றும் தண்டனைப் புள்ளி), எவ்வளவு ஃபைன் என்றுதான். ஃபைனை ஒருமுறை கட்டினால் அது முடிந்துபோகும். இன்சூரன்ஸ் கம்பெனிகளோ அதே விஷயத்தை ஐந்து வருடம் கேட்டுக்கொண்டே இருக்கும், அந்த ஐந்து வருடமும் கூடுதலாகக் கட்டியதைக் கூட்டினால் நிறையப் பேருக்கு ஃபைனைவிட அதுதான் பெரிய தொகையாக வரும். இதுபற்றி நம்மவர்களிடையே வாய்வழியாகச் சுற்றும் ஆலோசனைகள் சில உண்மையிலேயே ஆபத்தானவை, அவற்றை நம்பி யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் பெரும்பாலும் இதேதான், ஆனால் சில விதிகள் வேறு. வட அயர்லாந்தில் லைசென்ஸ் நிர்வாகம் தனி.

முதல் தடவையாக 3 பாயிண்ட் விழுந்திருக்கிறது. பிரீமியம் எவ்வளவு ஏறும்?

"இத்தனை பவுண்ட்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். எல்லோருக்கும் பொதுவான கணக்கு என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒரே ஒரு எஸ்பி30 (சாதாரண சாலையில் வேக வரம்பை மீறியதற்கான குறியீடு இது) இருந்தால் சில கம்பெனிகள் பெரிதாகக் கண்டுகொள்வதே இல்லை. சில கம்பெனிகள் கொஞ்சம் ஏற்றும், சில நன்றாகவே ஏற்றும்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் இந்த ஏற்றம் உங்கள் பழைய பிரீமியத்தின் மேல் சதவீதக் கணக்கில்தான் வரும். உதாரணத்துக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பல வருடம் விபத்தில்லாமல் ஓட்டி 400 பவுண்ட் கட்டுகிறவருக்கு அது 40 பவுண்ட், இருபது வயதில் 1,800 பவுண்ட் கட்டுகிற பிள்ளைக்கு 180 பவுண்ட். அதற்கு மேல், இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு 12 சதவீத வரி இருக்கிறது, ஏறுகிற தொகைக்கும் சேர்த்துத்தான் அந்த வரி. ஆகவே அண்ணனுக்கு எவ்வளவு ஏறியது என்பதை வைத்துத் தம்பிக்குக் கணக்குப் போட முடியாது.

எந்தக் குற்றத்தை கம்பெனிகள் ரொம்ப மோசமாகப் பார்க்கின்றன?

பாயிண்டின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். கம்பெனி முதலில் பார்ப்பது குறியீட்டை. அந்தக் குறியீடு உங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

எஸ்பி30, சிவப்பு விளக்கைத் தாண்டிய டிஎஸ்10 இரண்டும் வழக்கமாக 3 பாயிண்ட், 100 பவுண்ட் ஃபைன். நடக்கிற விஷயம்தான் என்று ஓரளவு சமாதானமாக எடுத்துக்கொள்வார்கள். ஃபோன் பிடித்தபடி ஓட்டிய சியு80 அப்படியில்லை. 2017 மார்ச் முதல் இதற்கு 6 பாயிண்ட், 200 பவுண்ட். 2022 மார்ச்சில் சட்டத்தை இன்னும் இறுக்கி, கையில் ஃபோனை வைத்துப் படம் எடுப்பது, திரையைத் தள்ளிப் பார்ப்பது எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது பார்த்தாலும் குற்றம்தான். கவனம் சாலையில் இல்லை என்று அந்தக் குறியீடே சொல்லிவிடுவதால் கம்பெனிகளுக்கு இது பிடிக்காது.

அதற்கு அடுத்தது ஐஎன்10, அதாவது இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியது. போலீஸ் நேரடியாகக் கொடுத்தால் 300 பவுண்ட், 6 பாயிண்ட். கோர்ட்டுக்குப் போனால் ஃபைனுக்கு உச்சவரம்பே இல்லை, ஓட்டத் தடையும் வரலாம், காரையும் தூக்கிக்கொண்டு போவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடமே போய் "நான் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினேன்" என்று சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல கம்பெனிகள் அந்த இடத்திலேயே கதவைச் சாத்திவிடும்.

கடைசியாக டிஆர்10, குடித்துவிட்டு ஓட்டியது. குறைந்தது 12 மாதத் தடை, உச்சவரம்பில்லாத ஃபைன், 6 மாதம் வரை சிறைகூடக் கிடைக்கலாம். போதைப்பொருளோடு ஓட்டியதற்கான டிஜி10, ஆபத்தாக ஓட்டியதற்கான டிடி40 இரண்டும் இதே வரிசைதான். இங்கெல்லாம் பிரீமியம் எவ்வளவு ஏறும் என்பது அப்புறம், முதலில் யார் இன்சூரன்ஸ் தருவார்கள் என்பதே கேள்வி.

எம்எஸ்90 என்று ஒன்று விழுந்திருக்கிறது. நான் செய்தது வெறும் ஸ்பீடிங்தானே?

இது பலருக்குத் தெரியாமலே நடப்பது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேமராவில் கார் பதிவானால், காரின் பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு 14 நாளுக்குள் நோட்டீஸ் வரும், அதில் அப்போது ஓட்டியது யார் என்று கேட்டிருப்பார்கள். 28 நாளுக்குள் பதில் போட வேண்டும். வீடு மாறியவர்கள், லைசென்ஸ், கார் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவில் காருக்கான முகவரியை மாற்றாமல் விட்டால் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க் கிடக்கும். பதில் வராதபோது அது தனிக் குற்றமாகி எம்எஸ்90 என்று 6 பாயிண்ட், ஃபைன் 1,000 பவுண்ட் வரை போகலாம். 3 பாயிண்டோடு முடிந்திருக்க வேண்டியது இப்படி 6 ஆகிறது, இன்சூரன்ஸ் கம்பெனியும் இதை ஸ்பீடிங்கைவிட மோசமாகத்தான் எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் அவர்கள் கண்ணுக்கு நீங்கள் எதையோ மறைத்த ஆள். வீடு மாறினால் லைசென்ஸ் முகவரி, கார் பதிவு முகவரி இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் வேறு வேறு பதிவுகள்.

பார்க்கிங் டிக்கெட்டுக்கும் பிரீமியம் ஏறுமா?

ஏறாது. கவுன்சில் பார்க்கிங் டிக்கெட், பஸ் லேன், லண்டன் கன்ஜெஷன் சார்ஜ், தனியார் கார்பார்க் டிக்கெட் எதிலும் பாயிண்ட் கிடையாது. ஆனால் தனியார் டிக்கெட்டைக் கட்டாமல் விட்டு அது கோர்ட் கடன் தீர்ப்பாக மாறினால் உங்கள் கிரெடிட் பதிவு கெடும், அப்போது மாதத் தவணையில் இன்சூரன்ஸ் எடுப்பது சிரமமாகும்.

ஸ்பீட் அவேர்னஸ் கோர்ஸுக்குப் போனால் கம்பெனியிடம் சொல்ல வேண்டுமா?

பாயிண்டுக்குப் பதிலாகப் போகிற இந்த வகுப்பு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், யோசிக்கவே வேண்டாம். பாயிண்ட் இல்லை, தண்டனைப் பதிவும் இல்லை. 30 மைல் வரம்பில் சுமார் 42 மைல் வரை போனவர்களுக்குப் பொதுவாக இது வரும், கடந்த 3 வருடத்தில் இதே கோர்ஸுக்குப் போயிருந்தால் வராது, கொடுப்பதா வேண்டாமா என்பது போலீஸின் முடிவு.

"தண்டனை உண்டா, பாயிண்ட் உண்டா" என்ற கேள்விக்கு, கோர்ஸ் மட்டும் போனவரின் பதில் "இல்லை"தான், அது பொய்யில்லை. ஆனால் சில கம்பெனிகள் "கோர்ஸுக்குப் போனீர்களா" என்று தனியாகவே கேட்கின்றன. அப்படிக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லையென்றால் அதைக் கேட்காத கம்பெனிக்குப் போங்கள். அது உங்கள் உரிமை.

எத்தனை வருடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்?

இங்கேதான் 3, 4, 5, 11 என்று நாலு எண்கள் வந்து எல்லோரையும் குழப்பும். 12 பாயிண்ட் சேர்ந்தால் தடை என்ற கணக்குக்கு ஒரு பாயிண்ட் 3 வருடம் செல்லும். ஆனால் எஸ்பி30 போன்றது லைசென்ஸ் பதிவில் 4 வருடம் இருக்கும். குடித்துவிட்டு ஓட்டியது 11 வருடம் இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் வழக்கமாகக் கேட்பதோ கடந்த 5 வருடத்தை. அதனால் 4 வருடம் முடிந்து லைசென்ஸில் இருந்து மறைந்த எஸ்பி30, கேள்வி ஐந்து வருடத்துக்கு என்றால் இன்னும் சொல்லப்பட வேண்டியதுதான். "இப்போது லைசென்ஸ் சுத்தமாக இருக்கிறதே" என்று நினைத்து ஐந்தாவது வருடத்தில் "இல்லை" என்று டிக் செய்கிறவர்கள் நிறைய.

இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1974ஆம் வருடச் சட்டம் ஒன்று, குறிப்பிட்ட காலம் போன பழைய தண்டனைகளைக் கழிந்துபோனதாக வைக்கிறது. லைசென்ஸில் ஏறிய குற்றத்துக்கு அது பெரியவர்களுக்குப் பொதுவாக 5 வருடம். டிஆர்10 பதிவு 11 வருடம் இருந்தாலும், இப்படிக் கழிந்துபோன பிறகு அதைச் சாதாரணக் கார் இன்சூரன்ஸ் படிவத்தில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஏழு, எட்டு வருடத்துக்கு முந்தைய தவறுக்கு இன்றும் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதை ஒருமுறை சரிபாருங்கள்.

சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடிக்கடி காதில் விழும் கேள்வி இது, இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். லைசென்ஸ் நம்பரைக் கொடுத்தால் கம்பெனியால் டிவிஎல்ஏ பதிவை நேரடியாகச் சரிபார்க்க முடியும். விலை கேட்கும்போதே பார்க்கலாம். அப்போது பார்க்காவிட்டாலும், கிளைம் என்று போனால் கட்டாயம் தோண்டுவார்கள். ஒரு வருடம் யாரும் கேட்கவில்லை என்பதற்கு, அந்த வருடம் நீங்கள் கிளைம் போகவில்லை என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால்: 2012இல் வந்து 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டப்படி, கேட்காததை நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கேட்டதற்குத் தவறான பதில் கொடுக்காமல் நியாயமான கவனம் எடுக்க வேண்டும். கவனக்குறைவாகத் தவறாகச் சொல்லியிருந்தால், சரியாகச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்களோ அதன்படி கணக்கு. 1,000 பவுண்ட் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் 800 கட்டியிருந்தால், கிளைமிலும் 80 சதவீதம்தான். 10,000 பவுண்ட் கார் நாசமானால் 8,000 கைக்கு வரும், எக்ஸஸ் (கிளைமில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை) போக. 200 பவுண்ட் மிச்சம் பிடிக்கப் போய் 2,000 போகிறது. அந்த விவரம் தெரிந்திருந்தால் இன்சூரன்ஸே தந்திருக்க மாட்டோம் என்று கம்பெனி காட்டினால் கிளைம் முழுவதும் போகும்.

வேண்டுமென்றே பொய் சொன்னதாகக் காட்டினால் இன்னும் மோசம். பாலிசியையே ஆரம்பத்திலிருந்து செல்லாது என்று ஆக்கி, கிளைமை மறுத்து, நீங்கள் கட்டிய பிரீமியத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இடித்த மற்றவருக்குக் கம்பெனி இழப்பீடு கொடுக்க நேர்ந்தால் அந்தப் பணத்தை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம், ஆள் காயப்பட்ட வழக்கென்றால் அது வீட்டையே தொடுகிற தொகை. அதோடு, "உங்கள் பாலிசியை யாராவது ரத்து செய்திருக்கிறார்களா" என்ற கேள்வி இனி ஒவ்வொரு படிவத்திலும் வரும். அதற்கு "ஆம்" என்று சொல்கிறவருக்கு, 3 பாயிண்ட் உள்ளவரைவிட இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். ஆகவே தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

பாலிசி நடுவில் பாயிண்ட் விழுந்தால் உடனே சொல்ல வேண்டுமா?

உங்கள் பாலிசி ஆவணத்தைத் திறந்து, என்னென்ன மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும் என்ற பகுதியைப் படியுங்கள். சிலர் உடனே கேட்கிறார்கள், சிலருக்குப் புதுப்பிக்கும்போது சொன்னால் போதும். ஓட்டத் தடை விழுந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே சொல்லிவிடுங்கள். புதுப்பித்தல் தானாக நடக்கிற பாலிசியாக இருந்தால் கவனம்: பழைய விவரங்களோடு கடிதம் வரும், நீங்கள் திருத்தாமல் விட்டால் "பாயிண்ட் இல்லை" என்ற பழைய பதிலே நின்றுவிடும்.

நோ கிளைம்ஸ் போனஸ் போய்விடுமா?

போகாது. அது கிளைம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, பாயிண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒன்பது வருட போனஸ் இருந்தால் அது அப்படியே இருக்கும், அடிப்படை விலைதான் ஏறும்.

மனைவிக்குப் பாயிண்ட் இல்லை. அவர் ஓட்டியதாக எழுதிக் கொடுக்கலாமா?

கூடாது. வீட்டுக்குள் பேசி முடிக்கிற சின்ன விஷயமாக இதை நினைக்கிறார்கள், ஆனால் சட்டத்தில் இதற்குப் பெயர் நீதியின் போக்கைத் திரித்தல், தண்டனை சிறை. அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூன் 2003இல் வேகமாக ஓட்டிய பாயிண்டை அவருடைய அப்போதைய மனைவி விக்கி பிரைஸ் ஏற்றுக்கொண்டார். பத்து வருடம் கழித்து, 2013 மார்ச்சில், இருவருக்கும் ஆளுக்கு 8 மாதச் சிறை. எல்லாம் ஒரு ஸ்பீடிங் டிக்கெட்டுக்காக.

பாலிசியை அப்பா பெயரில் எடுத்து, பாயிண்ட் உள்ள மகனைக் கூடுதல் ஓட்டுநராகப் போட்டால்?

காரை உண்மையில் அதிகம் ஓட்டுவது அப்பா என்றால் தாராளமாகப் போடலாம், மகனின் பாயிண்டையும் சேர்த்துச் சொல்லித்தான். தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போவது மகன், பெயர் மட்டும் அப்பாவுடையது என்றால் அது மோசடி, விபத்து நடந்தால் அப்பாவும் சேர்ந்து மாட்டுவார். இன்னொன்று, பாலிசியில் யார் பெயர் இருந்தாலும் அவர் பாயிண்ட் விலையில் தெரியும். எப்போதோ ஒருமுறை ஓட்டுகிற மாமாவின் பெயரைப் பாயிண்டோடு சேர்த்து வைத்திருந்தால், எடுத்துவிட்டு விலை பாருங்கள்.

லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது. எனக்கும் இதே விதியா?

இல்லை, உங்களுக்கு இன்னும் கடுமை. டெஸ்ட் பாஸ் செய்த முதல் 2 வருடத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்தாகும். மறுபடி புரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து, தியரியும் பிராக்டிகலும் எழுதிப் பாஸ் செய்ய வேண்டும். இரண்டு ஸ்பீடிங், அல்லது ஒரே ஒரு தடவை கையில் ஃபோன், அவ்வளவுதான். டெஸ்டை மறுபடி பாஸ் செய்தாலும் அந்தப் பாயிண்ட் அழியாது. புது ஓட்டுநர், அதோடு பாயிண்டும் என்று இரண்டு காரணத்துக்காகவும் பிரீமியம் ஏறும். பிள்ளைகளுக்கு முதல் கார் வாங்கிக் கொடுக்கிற பெற்றோர் இதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

தெரிந்த ஒருவர் மெசேஜ் மூலம் மலிவாக இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிறார். எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பாயிண்ட் உள்ளவர்களைத் தேடிப்பிடித்து ஏமாற்றுகிற கூட்டம் இது. ஒன்று, ஆவணமே போலி. இல்லையென்றால் உங்கள் வயது, முகவரி, பாயிண்ட் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லி உண்மையான பாலிசி எடுத்து உங்கள் கையில் திருத்திய தாளைக் கொடுப்பார்கள். போலீஸ் நிறுத்தும்போது இன்சூரன்ஸ் இல்லாதவர் நீங்கள்தான், ஐஎன்10 உங்கள் லைசென்ஸில்தான் ஏறும், "எனக்குத் தெரியாது" என்பது காப்பாற்றாது. புரோக்கர் என்றால் நிதி ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிஏவின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் காருக்கு இன்சூரன்ஸ் பதிவாகியிருக்கிறதா என்பதையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

சரி, நேர்மையாகவே எப்படிக் குறைப்பது?

முதலில் டிவிஎல்ஏ இணையதளத்தில் உங்கள் லைசென்ஸ் பதிவைத் திறங்கள். லைசென்ஸ் நம்பர், நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், போஸ்ட்கோட் இருந்தால் போதும், காசு இல்லை. லைசென்ஸ் அட்டையோடு வந்த தாள் பகுதியை 2015 ஜூனிலிருந்து எடுத்துவிட்டதால் பாயிண்டைப் பார்க்க அதுதான் சுலபமான வழி. குறியீடு, குற்றம் நடந்த தேதி, தண்டனைத் தேதி எல்லாவற்றையும் அங்கிருந்து அப்படியே படிவத்தில் போடுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதி எஸ்பி30க்குப் பதில் வேறொன்றைப் போட்டு வீணாகக் கூடுதல் கட்டாதீர்கள்.

அடுத்தது, பல இடத்தில் விலை கேளுங்கள். பாயிண்ட் இல்லாதவரைவிட உங்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் ஒரே குறியீட்டுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் பெரிது. 2022 ஜனவரியிலிருந்து பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட அதிகம் வாங்கக் கூடாது என்ற விதி இருக்கிறது, ஆனால் அது ஒரே கம்பெனிக்குள் உள்ள விலைக்குத்தான். முடிகிற நாளுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே பார்த்தால் நல்ல விலை கிடைக்கும், கடைசி நாளில் தேடினால் ஏறியிருக்கும். வருடத் தொகையை ஒரேயடியாகக் கட்ட முடிந்தால் வட்டி மிச்சம். காரில் பிளாக் பாக்ஸ் (நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று பதிவு செய்யும் கருவி) வைக்கிற பாலிசி, இளைஞர்களுக்கும் பாயிண்ட் உள்ளவர்களுக்கும் பார்க்கத் தக்கது. எக்ஸஸை உயர்த்தினால் பிரீமியம் குறையும், ஆனால் விபத்தன்று கையிலிருந்து எடுத்து வைக்க முடிகிற அளவுக்கு மேல் உயர்த்தாதீர்கள்.

தடை முடிந்து திரும்ப ஓட்டப் போகிறேன். யாரும் இன்சூரன்ஸ் தரவில்லை.

ஒப்பீட்டு இணையதளங்களோடு நிறுத்தாதீர்கள், தண்டனை பெற்ற ஓட்டுநர்களுக்கென்றே வேலை செய்யும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். பீபா என்ற பிரிட்டிஷ் இன்சூரன்ஸ் புரோக்கர்கள் சங்கத்தைக் கேட்டால் வழிகாட்டுவார்கள். குடித்த வழக்கில் கோர்ட் மறுவாழ்வுக் கோர்ஸை முன்வைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், தடைக்காலம் கால்வாசி வரை குறையும், சில கம்பெனிகள் அதை நல்லவிதமாகவும் பார்க்கும். முதல் வருடம் விலை அதிகமாகத்தான் இருக்கும். சின்ன என்ஜின் கார் எடுத்து ஒரு வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டிவிட்டு மறுபடி எல்லா இடத்திலும் விலை கேளுங்கள்.

இந்திய லைசென்ஸில், இலங்கை லைசென்ஸில் ஓட்டுகிறேன். எனக்கும் பாயிண்ட் விழுமா?

விழும். குடியேறியதிலிருந்து 12 மாதம் வரை அந்த லைசென்ஸில் ஓட்டலாம், அப்புறம் இங்கே டெஸ்ட் எழுதியாக வேண்டும், நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள். இதற்கிடையில் மாட்டினால் டிவிஎல்ஏ உங்கள் பெயரில் ஒரு பதிவைத் திறந்து அதில் பாயிண்டை ஏற்றிவைக்கும், நாளைக்கு பிரிட்டிஷ் லைசென்ஸ் எடுக்கும்போது அது கூடவே வரும். 12 மாதம் தாண்டியும் பழைய லைசென்ஸிலேயே ஓட்டினால் அது சரியான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகும், அதனால் இன்சூரன்ஸும் சிக்கலாகி ஐஎன்10 வரை இழுத்துவிடலாம். வந்த முதல் மாதத்திலேயே புரொவிஷனலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், டெஸ்ட் தேதி கிடைக்கவே பல மாதம் ஆகிறது.